டிரைவரும் பயனர் நிரலும் ஒரே நினைவகத்தைப் பகிர்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸின் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு டிரைவர், அதாவது கருவியை இயக்கும் நிரல், எழுதி ஓடவிட்டவர்கள் அடுத்து வந்து நிற்கும் இடம் பெரும்பாலும் இதுதான். டிவைஸிலிருந்து டேட்டா வருகிறது, ஆனால் நிரலிடம் போய்ச் சேர்வதற்குள் ஒவ்வொரு பைட்டும் ஒருமுறை நகலாகிறது. அந்த நகலை ஒழித்துவிட்டு, ஒரே நினைவகத்தை இருவரும் பார்க்கும்படி செய்தால் என்ன? தாராளமாகச் செய்யலாம், அதற்கு வேண்டிய வரிகளும் குறைவு. ஆனால் பகிர்ந்த பக்கத்தில் (நினைவகம் பங்கிடப்படும் நிலையான அளவுத் துண்டு) இருக்கும் எதையும் எதிரி எழுதியதாகவே நினைத்து டிரைவரை எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே உள்ள பதில்களில் பாதி அதைச் சுற்றியே வரும். இவை லினக்ஸை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. விண்டோஸ் பற்றி ஒரு கேள்வி கடைசிப் பகுதியில் உண்டு.

நகல் எடுப்பது அவ்வளவு கெட்டதா? பகிர்ந்தே ஆக வேண்டுமா?

பெரும்பாலான டிரைவர்களுக்குத் தேவையே இல்லை. விநாடிக்கு 1000 முறை 16 பைட் தரும் சென்சாருக்கு வேகம் விநாடிக்கு 16,000 பைட்தான். அதற்கு ரீட் அழைப்பும் உள்ளே ஒரு காப்பி_டு_யூசரும் (டேட்டாவை நிரலின் நினைவகத்துக்கு நகலெடுக்கும் கர்னல் ஃபங்ஷன்) போதும். எல்லைச் சோதனையை கர்னலே செய்துவிடும், தவறான முகவரி வந்தால் எத்தனை பைட் நகலாகவில்லை என்று சொல்லும், நீங்கள் தவறான முகவரி என்று சொல்லும் இஃபால்ட் பிழையைத் திருப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

கேமரா என்றால் கணக்கு வேறு. 1920×1080 அளவில், ஒரு புள்ளிக்கு 2 பைட் வீதம் ஒரு ஃபிரேம் 41,47,200 பைட். விநாடிக்கு 30 ஃபிரேம் என்றால் 12 கோடியே 44 லட்சம் பைட். மடிக்கணினி இதைச் சமாளிக்கும். சிறிய ஏஆர்எம் போர்டில் இந்த நகல் நினைவகப் பாதையை இருமுறை அடைக்கும், கேஷில் (சிபியுவுக்கு அருகிலுள்ள சிறிய வேக நினைவகம்) இருந்த பயனுள்ள டேட்டாவையும் வெளியே தள்ளிவிடும். இங்கே பகிர்வதில் அர்த்தம் இருக்கிறது.

முதலில் ரீட், ரைட் வைத்து எழுதுங்கள். நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் பெர்ஃப் கருவியை ஓட்டி, நகல் எடுக்கும் ஃபங்ஷன் பட்டியலின் மேலே நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே அது இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தின் மீதி உங்களுக்குத் தேவையில்லை.

கர்னலில் உள்ள பாயிண்டரை ஐஆக்டில் (டிரைவருக்குக் கட்டளை அனுப்பும் சிஸ்டம் கால்) வழியாக நிரலிடம் கொடுத்துவிட்டால் ஆகாதா?

ஆகாது. அந்த முகவரிக்கு நிரலின் பக்க அட்டவணையில் அனுமதி கிடையாது. தொட்டவுடன் செக்மென்டேஷன் ஃபால்ட். கர்னல் முகவரியை வெளியே கசியவிடுவதே தனியாக ஒரு பாதுகாப்புக் குறை.

எதிர்த்திசையிலும் அப்படித்தான். நிரல் தந்த பாயிண்டரை டிரைவர் நேரடியாகத் தொடக் கூடாது. எக்ஸ்86-இல் ஸ்மேப், ஏஆர்எம்-இல் பேன் என்ற வன்பொருள் காவல் இருந்தால் உடனே ஊப்ஸ் (கர்னலின் பிழை அறிக்கை) வரும். அந்தக் காவல் இல்லாத பழைய சிப்பில் சில நாள் ஓடுவதுபோல் ஓடும். டிவைஸ் குறுக்கிடும்போது ஓடும் இன்டரப்ட் ஹேண்ட்லரில் தொட்டால் இன்னும் மோசம்: அந்த நொடியில் ஓடிக்கொண்டிருப்பது உங்கள் நிரலாகவே இருக்க வேண்டும் என்று இல்லை, அதே எண் வேறொரு புரோசஸின் நினைவகத்தைக் காட்டும்.

அப்படியானால் பகிர்வதற்கான சிஸ்டம் காலான எம்மேப்பை அழைக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது?

நிரல் எம்மேப் அழைத்ததும் கர்னல் அதன் முகவரிவெளியில் ஒரு காலி இடத்தை ஒதுக்கி, அந்த இடத்தை விவரிக்கும் விஎம்ஏ என்ற கட்டமைப்பை உங்கள் டிரைவரின் எம்மேப் ஃபங்ஷனிடம் கொடுக்கிறது. தொடக்க முகவரி, முடிவு முகவரி, ஆஃப்செட், அனுமதிகள் எல்லாம் அதில் இருக்கும். எந்தெந்தப் பௌதிகப் பக்கங்கள் அந்த இடத்தில் தெரிய வேண்டும் என்று முடிவுசெய்வது நீங்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு தெருவிலிருந்தும் வாசல் வைப்பதுபோல, அதே பக்கத்துக்கு கர்னலுக்கு ஒரு முகவரியும் நிரலுக்கு ஒரு முகவரியும் அமைகின்றன. அதன்பிறகு படிக்க எழுத சிஸ்டம் காலே தேவையில்லை.

பக்கங்களை இணைக்கும் முறை இரண்டு. அழைப்பு வந்த உடனே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் இணைக்கலாம். அல்லது நிரல் தொடும்போது பேஜ் ஃபால்ட் வரட்டும் என்று விட்டு, ஃபால்ட் ஹேண்ட்லரில் ஒவ்வொன்றாகக் கொடுக்கலாம். அளவு நிலையாக இருந்தால் முதல் முறை எளிது.

கர்னலின் சாதாரண ஒதுக்கீட்டு ஃபங்ஷனான கேமலாக்கில் வாங்கிய பஃபரைப் பகிரலாமா?

வேண்டாம். எம்மேப் பக்கம் பக்கமாகத்தான் கொடுக்கும். ஒரு பக்கத்துக்குக் குறைந்து எதையும் கொடுக்க அதற்கு வழியில்லை. எக்ஸ்86-இல் பக்கம் 4096 பைட். ஏஆர்எம்64-இல் கர்னலைக் கட்டிய விதத்தைப் பொறுத்து 4, 16 அல்லது 64 கிலோபைட். கேமலாக்கில் 512 பைட் வாங்கி அதன் பக்கத்தைப் பகிர்ந்தால், அதே பக்கத்தில் குடியிருக்கும் வேறு கர்னல் பொருள்களும் சேர்ந்தே வெளியே போகும். நிரல் அவற்றைப் படிக்கும். எழுத அனுமதி இருந்தால் மாற்றியும் விடும். பக்கங்களை இணைக்கும் ஃபங்ஷன்களில் விஎம்_இன்சர்ட்_பேஜ் இப்படிப்பட்ட ஸ்லாப் (கேமலாக் துண்டுபோடும்) பக்கங்களை மறுத்துவிடும். ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் எதுவும் கேட்காமல் இணைத்துவிடும்.

மென்பொருள் மட்டும் தொடும் பஃபர் என்றால் விமலாக்_யூசரில் வாங்கி ரீமேப்_விமலாக்_ரேஞ்ச் வழியாகக் கொடுப்பதே என் முதல் தேர்வு. அது பக்கக் கணக்கில் ஒதுக்கும், பூஜ்யத்தால் நிரப்பியும் தரும், பகிர்வதற்கு ஒதுக்கியதுதானா என்று இணைக்கும்போது சரிபார்க்கவும் செய்யும்.

பூஜ்யத்தால் நிரப்புவது ஏன் முக்கியம்? மேலே சொன்ன கேமரா ஃபிரேமையே எடுங்கள். 41,47,200 பைட்டுக்கு 1012 முழுப் பக்கங்களும், இன்னொரு பக்கத்தின் பாதியும் வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தில் மீதி 2048 பைட்டை டிவைஸ் ஒருநாளும் எழுதாது. துடைக்காமல் கொடுத்தால், அந்தப் பக்கத்தை முன்பு யார் வைத்திருந்தார்களோ அவர்களுடைய டேட்டா அங்கே அப்படியே கிடக்கும். கடவுச்சொல்லாகவும் இருக்கலாம்.

டிஎம்ஏ என்பது சிபியு இல்லாமல் டிவைஸே நினைவகத்தைத் தொடுவது. அதற்காக டிஎம்ஏ_அலாக்_கோஹிரென்ட்டில் வாங்கியதைப் பகிர டிஎம்ஏ_எம்மேப்_கோஹிரென்ட் மட்டுமே. அந்த மெய்நிகர் முகவரியிலிருந்து கணக்குப் போட்டுப் பௌதிக முகவரி எடுக்கும் பழக்கம் பல பழைய டிரைவர்களில் இருக்கிறது. டிஎம்ஏ ஹேண்டிலை (டிவைஸ் பயன்படுத்தும் முகவரி) பௌதிக முகவரியாக நினைப்பவர்களும் உண்டு. இரண்டும் எக்ஸ்86-இல் தற்செயலாகச் சரிவரலாம். டிவைஸின் முகவரிகளை மொழிபெயர்க்கும் ஐஓஎம்எம்யு உள்ள கணினியில் ஹேண்டிலுக்கும் பௌதிக முகவரிக்கும் தொடர்பே இருக்காது.

எல்லையைச் சரிபார்த்துவிட்டேன். இன்னும் என்ன கவலை?

எப்படிச் சரிபார்த்தீர்கள் என்பதுதான் கவலை. டிஸ்ப்ளேலிங்க் யுஎஸ்பி திரைகளுக்கான யுடிஎல் டிரைவரில் இருந்த குறையைப் பார்ப்போம். சிவிஇ என்ற பாதுகாப்புக் குறைப் பட்டியலில் சிவிஇ-2018-8781 என்று பதிவானது. 3.4 முதல் 4.15 வரையிலான கர்னல்களில் இருந்தது. அங்கே சோதனை இல்லாமல் இல்லை. அதன் பொருள் இது:

ஆஃப்செட் + அளவு > ஃபிரேம்பஃபரின் நீளம் என்றால் மறு.

பார்க்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆஃப்செட்டும் அளவும் நிரல் கொடுப்பவை. 2-இன் 64-ஆம் அடுக்கிலிருந்து 4096-ஐக் கழித்த எண்ணை ஆஃப்செட்டாகவும், 8192-ஐ அளவாகவும் கொடுத்தால் கூட்டுத்தொகை 64 பிட்டைத் தாண்டிச் சுழன்று வெறும் 4096 ஆகிவிடும். சோதனை தேறிவிடும். ஆனால் மேப்பிங் தொடங்குவது ஃபிரேம்பஃபருக்கு ஒரு பக்கம் முன்னால், வேறு யாருடைய நினைவகத்திலோ. திருத்தம் கூட்டலை ஒழித்தது:

ஆஃப்செட் > நீளம் என்றால் மறு.
அளவு > நீளம் − ஆஃப்செட் என்றால் மறு.

முதல் வரி தேறிய பிறகே இரண்டாவது வரிக்குப் போவதால் கழித்தல் எதிர்மறைக்குள் போகாது. ஆஃப்செட் டிரைவருக்குப் பக்க எண்ணிக்கையாகத்தான் வரும். அதைப் பைட்டாக மாற்றும் இடப்பெயர்ச்சியிலும் மேல் பிட்கள் விழுந்துவிடாதா என்று முன்னதாகவே பார்க்க வேண்டும். அல்லது எல்லாக் கணக்கையும் பக்க எண்ணிக்கையிலேயே முடித்துவிடுங்கள். நான் பரிந்துரைப்பது இரண்டாவதை.

சோதனையே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2012-இல் வெளிவந்த எக்ஸினாஸ் விவகாரம் சாட்சி. எக்ஸினாஸ் 4210, 4412 சிப்கள் கொண்ட சில ஆண்ட்ராய்டு ஃபோன்களில் எக்ஸினாஸ்-மெம் என்றொரு டிவைஸ் கோப்பு 0666 அனுமதியுடன் இருந்தது. எந்த ஆப்பும் அதைத் திறந்து ஃபோனின் பௌதிக நினைவகத்தில் எந்த இடத்தையும் படிக்கலாம், எழுதலாம். கர்னலையே திருத்தி ரூட் ஆகலாம். சிவிஇ-2012-6422 என்ற எண்ணில் அது இருக்கிறது. கேமராவுக்கும் கிராஃபிக்ஸுக்கும் வசதியாக இருக்கட்டும் என்று திறந்துவைக்கும் இப்படியொரு வாசல் போதும், மற்ற எல்லாக் காவலும் வீண்.

எம்மேப்பில் ஷேர்டு கொடிக்குப் பதில் மேப் பிரைவேட் கொடுத்தால் என்ன ஆகும்?

நிரல் எழுதியவுடன் அந்தப் பக்கத்தின் நகல் ஒன்று உருவாகி, எழுதியது அதில் போய் விழும். டிரைவர் அதைப் பார்க்கவே பார்க்காது. "எழுதினேன், டிவைஸுக்குப் போகவில்லை" என்ற புகார் வந்தால் முதலில் இதைப் பாருங்கள். டிரைவரின் எம்மேப்பிலேயே ஷேர்டு கொடி இல்லாத கோரிக்கையை இன்வால் பிழையோடு திருப்பிவிடுவது நல்லது.

நிரல் தானே மலாக் செய்த பஃபரில் டிவைஸை நேரடியாக எழுதவைக்க முடியுமா?

முடியும். இது எம்மேப்புக்கு நேரெதிர்: அங்கே டிரைவரின் பக்கங்களை நிரல் பார்க்கிறது, இங்கே நிரலின் பக்கங்களை டிரைவர் பிடித்துவைக்கிறது. அதற்கு பின்_யூசர்_பேஜஸ் குடும்பத்தைப் பயன்படுத்துங்கள், 5.6 கர்னலில், 2020-இல் வந்தது. அதற்கு முன் எல்லாரும் கெட்_யூசர்_பேஜஸ் என்ற பழைய ஃபங்ஷனைத்தான் நம்பியிருந்தார்கள். அதில் வெறும் எண்ணிக்கைக்காகப் பிடித்ததும் டிஎம்ஏ-வுக்காகப் பிடித்ததும் ஒன்றாகக் கலந்துவிட்டன. பின்னால் கோப்பு முறைமைகளுக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கியது.

வேலை முடிந்ததும் பக்கம் மாறிவிட்டது என்று சொல்லும் அழுக்குக் கொடி வைத்து விடுவிக்க வேண்டும். கொடி வைக்காவிட்டால், டிவைஸ் எழுதியது தெரியாமல் கர்னல் அந்தப் பக்கத்தைச் சுத்தமானதாக நினைத்துக் கைவிடக்கூடும். நீண்ட நேரம் பிடித்துவைப்பதாக இருந்தால் லாங்டெர்ம் கொடியும் கொடுக்க வேண்டும், பயனர் பூட்டிவைக்கக்கூடிய நினைவகத்துக்கான மெம்லாக் வரம்பிலும் கணக்கு வைக்க வேண்டும். அந்த வரம்பு நெடுங்காலம் 64 கிலோபைட்டாக இருந்து, 5.16 கர்னலில் 8 மெகாபைட் ஆனது. உங்கள் நிரல் மடிக்கணினியில் ஓடிப் பழைய சர்வரில் நினைவகம் இல்லை என்ற இநோமெம் பிழையைக் காட்டினால் யூலிமிட் −எல் கட்டளையைப் போட்டுப் பாருங்கள்.

நிரலின் பஃபர் பக்கத்தின் நடுவில் தொடங்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். கேஷ் ஒத்திசைவு இல்லாத சிப்களில், பஃபரின் ஓரத்தில் உள்ள ஒரு கேஷ் லைனை வேறொரு மாறியும் பகிர்ந்துகொண்டிருந்தால், டிஎம்ஏ முடிந்து கேஷைச் செல்லாததாக்கும்போது அந்த மாறியின் புதிய மதிப்பு தொலைந்துபோகும். பஃபரைப் பக்க எல்லையில் ஒதுக்கச் சொல்லி நிரல் எழுதுபவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்காதவர்களை மறுத்துவிடுங்கள்.

டிவைஸ் எழுதிவிட்டது, ஆனால் நிரலில் பழைய டேட்டாதான் தெரிகிறது. ஏன்?

எக்ஸ்86-இல் இதை நீங்கள் அநேகமாகப் பார்த்திருக்க மாட்டீர்கள். அங்கே டிஎம்ஏ-வும் கேஷும் வன்பொருளிலேயே ஒத்துப்போகின்றன. பல ஏஆர்எம் சிப்களில் அப்படி இல்லை. டிவைஸ் டிராமில் எழுதும், சிபியு தன் கேஷில் இருக்கும் பழைய பிரதியைப் படிக்கும்.

கர்னலில் இதற்கு டிஎம்ஏ ஒத்திசைவு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. பஃபரை சிபியு கையில் எடுக்கும் முன் ஒன்று, டிவைஸிடம் திருப்பிக் கொடுக்கும் முன் இன்னொன்று. நிரல் நேரடியாகப் பக்கத்தைத் தொடுவதால் இவற்றை யார், எப்போது அழைப்பது என்பதே கேள்வி. லினக்ஸின் வீடியோ அடுக்கான வி4எல்2 கொடுக்கும் விடை எனக்குப் பிடித்தது: பஃபருக்கு எப்போதும் ஒரே உரிமையாளர். நிரல் கியூபஃப் அழைத்தால் பஃபர் டிரைவருடையது, டிகியூபஃப் அழைத்துத் திரும்பியதும் நிரலுடையது. அந்த இரண்டு கைமாற்றங்களின்போது கர்னல் கேஷ் வேலையை முடித்துவிடுகிறது. உங்கள் டிரைவரிலும் பஃபர் கைமாறும் தருணத்துக்கு ஒரு ஐஆக்டில் வைத்துவிடுங்கள். ஃபிரேமுக்கு இரண்டு சிஸ்டம் கால் என்பது விநாடிக்கு 60 தான். கவலைப்படும் செலவே இல்லை.

எல்லாம் சரி, ஆனால் பகிர்ந்த பஃபரைப் படிப்பது நகல் எடுப்பதைவிட மெதுவாக இருக்கிறதே!

அந்தப் பஃபர் கேஷ் இல்லாமல் இணைக்கப்பட்டிருக்கும். ஒத்திசைவு இல்லாத சிப்பில் கோஹிரென்ட் நினைவகம் என்றால் கேஷை அணைத்துவிட்ட நினைவகம் என்றுதான் பொருள். ஒவ்வொரு படிப்பும் டிராம் வரை போய்வரும். எழுத்துகளைச் சேர்த்து அனுப்பும் ரைட்-கம்பைன் முறையில் இணைத்த ஃபிரேம்பஃபரும் அப்படித்தான்: வரிசையாக எழுத வேகம், படிக்க நரகம்.

நிரல் ஒவ்வொரு புள்ளியையும் படித்துக் கணக்கிடப்போகிறது என்றால், கேஷ் உள்ள நினைவகத்தை ஒதுக்கி, கைமாறும்போது ஒத்திசைவு செய்வதே மேல். நிரல் அதைத் தொடாமல் இன்னொரு வன்பொருளுக்கு அனுப்பிவிடும் என்றால் கேஷ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

ரிங் பஃபர் (முடிவிலிருந்து தொடக்கத்துக்குச் சுழலும் பஃபர்) போட்டுவிட்டேன். மடிக்கணினியில் ஓடுகிறது, போர்டில் எப்போதாவது குப்பை வருகிறது.

வரிசை குலைகிறது. டிரைவர் முதலில் டேட்டாவை எழுதி, பிறகு எழுதியது எதுவரை என்று காட்டும் ஹெட் எண்ணை உயர்த்துகிறது. ஏஆர்எம் சிபியுவில் மற்றொரு கோர் இதைத் தலைகீழாகப் பார்க்கலாம்: ஹெட் உயர்ந்தது தெரியும், டேட்டா இன்னும் வந்திருக்காது. எக்ஸ்86 எழுத்துகளின் வரிசையைக் காப்பாற்றுவதால் பிழை அங்கே ஒளிந்துகொள்ளும். (அங்கேயும் கம்பைலர் வரிகளை மாற்றிப்போட உரிமை உள்ளது என்பதை நினைவில் வையுங்கள்.)

டிரைவர் ஹெட்டை எஸ்எம்பி_ஸ்டோர்_ரிலீஸ் மூலம் எழுதட்டும். நிரல் அதே ஹெட்டை சி11 அட்டாமிக்கின் அக்வையர் முறையில் படிக்கட்டும். நிரல் படித்தது எதுவரை என்று காட்டும் டெயிலுக்கு எதிர்த்திசையில் அதே ஜோடி. வாலடைல் என்று போட்டுவிட்டுத் திருப்திப்படுவது பலனில்லை. அது கம்பைலரைக் கட்டுப்படுத்தும், சிபியுவைக் கட்டுப்படுத்தாது.

எழுதுவதற்கு முன் கர்னலிலேயே இருக்கும் நல்ல ரிங்குகளைப் படியுங்கள். பெர்ஃப் ரிங்கில் முதல் பக்கம் தகவல் பக்கம், அதன்பின் 2-இன் அடுக்காக டேட்டா பக்கங்கள். அதனால் மேப்பின் அளவு 2, 3, 5, 9 பக்கங்கள் என்றுதான் இருக்க முடியும். ஹெட் எண் சுழலாமல் ஏறிக்கொண்டே போகும், இடத்தைக் கண்டுபிடிக்க மாஸ்க் போட்டால் போதும். நிரல் எழுதும் அனுமதியோடு மேப் செய்தால், படிக்காத பதிவுகளை கர்னல் அழிக்காது. இடமில்லாமல் விட்டுப்போனவற்றை "இழந்தது" என்று தனிப் பதிவாகச் சொல்லும்.

கர்னலுக்குள் ஓடும் சிறு நிரல்களுக்காக 2020-இல் 5.8 கர்னலில் வந்த பிபிஎஃப் ரிங்பஃபரில் இன்னும் இரண்டு அழகான விஷயங்கள் உண்டு. டேட்டா பகுதியையே மெய்நிகர் முகவரியில் இருமுறை அடுத்தடுத்து இணைத்திருக்கிறார்கள். பதிவு கடைசியில் முறிந்து தொடக்கத்துக்குப் போனாலும் நிரலுக்கு அது ஒரே நீட்சியாகத் தெரியும், துண்டுபோட்டு ஒட்டும் குறியீடே தேவையில்லை. மற்றொன்று, நிரல் எழுத வேண்டிய டெயில் மட்டும் ஒரு தனிப் பக்கத்தில்; ஹெட்டும் டேட்டாவும் நிரலுக்குப் படிக்க மட்டும். அனுமதியைப் பிரிக்க விரும்பினால் எம்மேப்பில் எழுதும் கோரிக்கையை மறுத்தால் மட்டும் போதாது, மேரைட் கொடியையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிரல் பின்னால் எம்புரொடெக்ட் அழைத்து எழுதும் அனுமதியை வாங்கிக்கொள்ளும்.

நிரல் எழுதிய நீளத்தைச் சோதித்துவிட்டுத்தான் பயன்படுத்துகிறேன். போதாதா?

சோதித்த மதிப்பும் பயன்படுத்திய மதிப்பும் ஒன்றுதானா? டிரைவர் பகிர்ந்த பக்கத்தில் நீளத்தைப் படித்து "4096-க்குள் இருக்கிறது" என்று தேற்றுகிறது. அடுத்த வரியில் நகல் எடுக்க அதே இடத்தை மறுபடி படிக்கிறது. இடைப்பட்ட சில நானோ விநாடிகளில் நிரலின் இன்னொரு திரெட் அங்கே 40 லட்சம் என்று எழுதிவிட்டது. கர்னல் பஃபர் உடைந்தது. இரட்டைப் படிப்பு என்று பெயர் பெற்ற குறை இது. சாதாரண ஐஆக்டில் கட்டமைப்பில் இது வருவது குறைவு, ஏனென்றால் ஒரே காப்பி_ஃப்ரம்_யூசரில் எல்லாம் கர்னல் பக்கம் வந்துவிடுகிறது. பகிர்ந்த நினைவகத்தில் ஒவ்வொரு வரியும் இதற்கு வாய்ப்பு தருகிறது.

உங்கள் சி நிரலில் ஒரே ஒருமுறைதான் படிக்கிறீர்கள் என்றாலும் தப்பிக்க முடியாது. மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் ஸென் மென்பொருளுக்கு 2015 டிசம்பரில் வெளியான பாதுகாப்பு அறிவிப்பு எக்ஸ்எஸ்ஏ-155 இதையே சொன்னது. மெய்நிகர் இயந்திரங்கள் பகிர்ந்த ரிங்கிலிருந்து கோரிக்கையைப் படிக்கும் குறியீட்டில், மூலத்தில் ஒருமுறை இருந்த படிப்பை கம்பைலர் இருமுறை செய்ய முடிந்தது. சோதனைக்கு ஒரு படிப்பு, தாவல் அட்டவணைக்கு இன்னொரு படிப்பு.

ஆகவே பதிவை முழுவதுமாக கர்னலின் சொந்த மாறிக்கு எடுத்துக்கொண்டு, சோதனையையும் பயன்பாட்டையும் அந்தப் பிரதியிலேயே செய்யுங்கள். ஒற்றை எண் என்றால் ரீட்_ஒன்ஸ் போதும். டிரைவருக்குத் தேவையான தன் நிலையை, எந்த ஸ்லாட் காலி, அடுத்து எங்கே எழுதுவது என்பதையெல்லாம், பகிர்ந்த பக்கத்தில் வைக்கவே கூடாது. நிரலுக்குத் தெரிவிக்க அங்கே ஒரு பிரதி எழுதலாம். அதைத் திரும்பப் படித்து நம்பக் கூடாது. சிலர் "எங்கள் நிரல் எங்களுடையதுதானே" என்பார்கள். உங்கள் நிரலில் ஒரு பஃபர் மீறல் இருந்தால் அந்த நிமிடத்திலிருந்து அது வேறொருவருடையது.

புதிய டேட்டா வந்ததை நிரலுக்கு எப்படிச் சொல்வது?

டிரைவரில் 'போல்' (poll) ஃபங்ஷன் எழுதினால் போதும். எப்போல் உட்பட எல்லாம் வேலை செய்யும். பல டிவைஸ் கோப்புகளுக்கு ஒரே அறிவிப்பு வேண்டுமென்றால் ஈவென்ட்-எஃப்டி. சுற்றிச்சுற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பது ஒரு கோரை முழுவதுமாகத் தின்னும், பேட்டரியில் ஓடும் கருவியில் அது சரிவராது.

"தூங்கப்போகிறேன்" என்று ஒரு கொடியைப் பகிர்ந்த பக்கத்தில் வைத்து, தேவையில்லாத எழுப்பல்களைக் குறைக்கப் பார்க்கிறீர்கள் என்றால் கவனம் தேவை. கொடியை எழுதிய பின் முழுத் தடுப்பு (முன்னும் பின்னும் உள்ள எழுத்தும் படிப்பும் இடம் மாறாமல் காக்கும் கட்டளை) ஒன்றைப் போட்டு, ரிங்கை இன்னொருமுறை பார்த்துவிட்டுத் தூங்க வேண்டும். ரிலீஸ், அக்வையர் ஜோடி இங்கே போதாது. ஐஓ_யூரிங்கில் கர்னல் திரெட்டை எழுப்பும் கொடியும் இதே விதியைப் பின்பற்றுகிறது.

நிரல் கோப்பை மூடிவிட்டது, அல்லது செத்துவிட்டது. நினைவகத்தை எப்போது விடுவிக்கலாம்?

குளோஸ் அழைப்பால் மேப்பிங் போகாது. விஎம்ஏ தன் பங்குக்குக் கோப்பைப் பிடித்துவைத்திருக்கும். கடைசி மேப்பிங் நீங்கிய பிறகே டிரைவரின் ரிலீஸ் ஃபங்ஷன் வரும். ஒரு திறப்புக்கு ஒரு பஃபர் என்று வைத்துக்கொண்டு, ரிலீஸில் விடுவித்தால் பெரும்பாலான கணக்கு தானாகத் தீரும்.

பஃபருக்குத் தனி ஆயுள் இருந்தால், விஎம்ஏ-வின் ஓபன், குளோஸ் ஃபங்ஷன்களில் எண்ணிக்கை வைக்க வேண்டும். முதல் எம்மேப்புக்கு ஓபன் அழைக்கப்படாது. ஃபோர்க்குக்கும் (புரோசஸ் தன்னையே பிரதியெடுப்பது), மேப்பிங் பாதியாகப் பிளக்கும்போதும்தான் அழைக்கப்படும். அதனால் முதல் எண்ணிக்கையை எம்மேப் ஃபங்ஷனுக்குள் நீங்களே ஏற்ற வேண்டும். இதைத் தவறவிட்டால் மேப்பிங்கின் ஓர் ஓரத்தை மட்டும் மன்மேப் அழைத்து நீக்கியதும் எண்ணிக்கை பூஜ்யமாகி, இன்னும் பயன்பாட்டில் உள்ள பக்கம் விடுவிக்கப்படும்.

நிரலை உடனே கொல்லும் கில் −9 வந்தாலும் ரிலீஸ் வரும். அங்கே முதல் வேலை டிவைஸின் டிஎம்ஏ-வை நிறுத்துவது, நின்றுவிட்டது என்று உறுதி செய்வது, அதன்பிறகே விடுவிப்பது. நிற்காத டிஎம்ஏ விடுவித்த பக்கத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கம் அதற்குள் வேறொரு புரோசஸுக்குப் போயிருக்கும். தொடர்பே இல்லாத நிரல்கள் காரணமின்றிச் சாகும். இதைவிடத் தேடக் கடினமான பிழை இந்தத் துறையில் குறைவு.

யுஎஸ்பி கருவியை உருவிவிட்டால், அன்மேப்_மேப்பிங்_ரேஞ்ச் மூலம் நிரலின் மேப்பிங்கைத் துடைத்துவிடலாம். அதன்பின் நிரல் தொட்டால் சிக்பஸ் என்ற பிழைச் சிக்னல் கிடைக்கும்.

ஃபோர்க் செய்யும் நிரல்களில் தனிச் சிக்கல் உண்டா?

எம்மேப் பகிர்வில் சிக்கல் குறைவு. குழந்தைப் புரோசஸும் அதே பக்கத்தைப் பார்க்கும். அது வேண்டாம் என்றால் டோன்ட்காப்பி கொடி. பின்_யூசர்_பேஜஸ் போன்றவற்றால் பிடித்துவைத்த பக்கங்களில்தான் நெடுநாள் தொல்லை இருந்தது: ஃபோர்க்குக்குப் பின் பெற்றோர் எழுதினால் அதற்குப் புதிய நகல் கிடைக்கும், டிவைஸோ பழைய பக்கத்திலேயே எழுதிக்கொண்டிருக்கும். நெட்வொர்க் வழியே நினைவகத்தை நேரடியாகத் தொடும் ஆர்டிஎம்ஏ-வுக்கான நூலகங்கள் எம்அட்வைஸில் டோன்ட்ஃபோர்க் சொல்லித் தப்பித்தது இதனால்தான்.

பகிர்ந்த பஃபரை ஓ-டைரக்ட் (நேரடியாக டிஸ்க்குக்கு எழுதும் முறை) கோப்பில் எழுதினால் "பேட் அட்ரஸ்" வருகிறது. பிழை தேடும் கருவியான ஜிடிபி-யிலும் படிக்க முடியவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்று. ரீமேப்_பிஎஃப்என்_ரேஞ்ச் அந்த விஎம்ஏ-மேல் ஐஓ, பிஎஃப்என்மேப் கொடிகளை வைத்துவிடும்; அதாவது, "இங்கே சாதாரணப் பக்கங்கள் இல்லை, யாரும் பிடிக்க வேண்டாம்" என்கிறது. நேரடி டிஸ்க் எழுத்து பக்கங்களைப் பிடிக்கப் பார்த்து இஃபால்ட் வாங்குகிறது. புரொக் கோப்பு முறைமையில் அந்தப் புரோசஸின் எஸ்மேப்ஸைத் திறந்து விஎம்ஃபிளாக்ஸ் வரியைப் பாருங்கள். ஐஓ, பிஎஃப், டிஇ, டிடி என்ற ஈரெழுத்துக் குறிகள் நிற்கும். டிடி இருந்தால் கோர் டம்ப்பிலும் அந்தப் பகுதி வராது.

பஃபர் உண்மையில் சாதாரண ராம்தான் என்றால் விஎம்_இன்சர்ட்_பேஜுக்கு மாறுங்கள். இரண்டு தொல்லையும் தீரும். டிவைஸின் ரெஜிஸ்டர்களை மேப் செய்திருந்தால் மாற வழியில்லை; ஜிடிபி-க்காக மட்டும் ஜெனெரிக்_ஆக்சஸ்_ஃபிஸ் என்பதை விஎம்ஏ-வின் ஆக்சஸ் ஃபங்ஷனாக வையுங்கள்.

கேமராவிலிருந்து ஜிபியு-வுக்கு, நிரல் தொடாமலே அனுப்ப முடியுமா?

அதற்கென்றே டிஎம்ஏ-பஃப் இருக்கிறது, 2012-இல் 3.3 கர்னலில் சேர்ந்தது. பஃபர் ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டராக மாறுகிறது, நிரல் அதை ஒரு டிரைவரிடமிருந்து வாங்கி இன்னொன்றிடம் கொடுக்கிறது. நிரலும் எம்மேப் செய்து எட்டிப்பார்க்க விரும்பினால், தொடும் முன்னும் பின்னும் சிங்க் ஐஆக்டில் கட்டாயம். பல மாதிரி நிரல்களில் அதை விட்டிருக்கிறார்கள். எக்ஸ்86-இல் தெரியாது.

கர்னல் டிரைவரே எழுதாமல் ரெஜிஸ்டர்களை நிரலிலிருந்து தொடலாமா?

லினக்ஸில் இதற்கு இரண்டு இடைமுகங்கள் உண்டு: எளிய கருவிக்கு யுஐஓ, டிஎம்ஏ செய்யும் கருவிக்கு விஎஃப்ஐஓ. யுஐஓ-வில் டிஎம்ஏ-க்கு வேலியே இல்லை. தவறான முகவரியை ரெஜிஸ்டரில் எழுதினால் கருவி எந்தப் பக்கத்தையும் மிதிக்கும். விஎஃப்ஐஓ ஐஓஎம்எம்யு-வை முன்னிறுத்தி, நிரல் அனுமதித்த பக்கங்களுக்கு வெளியே கருவியைப் போகவிடாது. டிஎம்ஏ இருக்கிறது என்றால் யுஐஓ பக்கம் போகாதீர்கள்.

விண்டோஸில் எப்படி?

அங்கே வழக்கம் தலைகீழ், எனக்கு அந்த வழக்கம் பிடிக்கும். கர்னல் நினைவகத்தை நிரலுக்குத் திறந்துவிடுவதற்குப் பதிலாக, நிரல் தன் பஃபரோடு டைரக்ட் வகை ஐஓ-கண்ட்ரோல் கோரிக்கையை முன்கூட்டியே அனுப்பிவைக்கிறது. டிரைவர் அதை நிலுவையில் வைத்து, எம்டிஎல் (பக்கங்களின் பட்டியல்) மூலம் பூட்டிய அந்தப் பக்கங்களில் எழுதி, கோரிக்கையை முடிக்கிறது. அறிவிப்பும் டேட்டாவும் சேர்ந்தே வருகின்றன, நிரல் செத்தால் கோரிக்கையை ரத்து செய்யும் பாதை ஏற்கெனவே இருக்கிறது. கர்னல் பக்கத்தை நிரலில் மேப் செய்தே தீர வேண்டுமென்றால், அதைச் சரியான புரோசஸின் சூழலில் செய்து, கிளீனப் கோரிக்கையில் அதே சூழலில் நீக்க வேண்டும். யூசர் மோடில் மேப்பிங் தோற்றால் எக்ஸெப்ஷன் எழும். அதைப் பிடிக்காத டிரைவர் கணினியையே நீலத் திரையில் நிறுத்தும்.

வெளியிடும் முன் எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பஃபரைவிட ஒரு பக்கம் அதிகமாக எம்மேப் கேளுங்கள். 64 பிட்டின் உச்சியை ஒட்டிய ஆஃப்செட் கொடுங்கள். மேப் செய்த நடுப்பக்கத்தை மட்டும் மன்மேப் செய்துவிட்டு மீதியைத் தொடுங்கள். டிஎம்ஏ ஓடும்போது கில் −9 அடியுங்கள், இதை ஒரு சுற்றில் இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரு திரெட் ஒழுங்காக ரிங்கைப் பயன்படுத்தும்போது இன்னொரு திரெட் அதே பக்கத்தில் கண்டபடி எண்களை எழுதிக்கொண்டிருக்கட்டும். கர்னலை நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் கேசான் போட்டுக் கட்டுங்கள், ஆனால் அது பார்ப்பது கர்னலின் சொந்தத் தொடுதல்களைத்தான். நிரல் மேப்பிங் வழியாக எல்லை தாண்டிப் படிப்பதை அது கண்டுகொள்ளாது. கடைசிப் பக்கத்தின் வால் பகுதியை நிரலிலிருந்து படித்து, எல்லாம் பூஜ்யம்தானா என்று பார்க்கும் சோதனையை நீங்களேதான் எழுத வேண்டும். இவை அனைத்தையும் எக்ஸ்86-இல் முடித்த பிறகு ஓர் ஏஆர்எம் போர்டில் மறுபடி ஓட்டுங்கள்.